கம்பி விழும் முன்னே இறக்குங்கள்: வீட்டில் பம்ப்கின் ஸ்பைஸ் சிரப்

பம்ப்கின் ஸ்பைஸ் என்ற பெயரில் பரங்கிக்காய் இருக்கிறதே தவிர, அந்த வாசனையில் அதற்குப் பெரிய பங்கு கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இலையுதிர் காலத்தில் சுடும் ‘பம்ப்கின் பை’ (pie) என்ற பரங்கிக்காய்ப் பலகாரத்தில் சேர்க்கிற மசாலாவின் பெயர் அது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு, ஆல்ஸ்பைஸ், அவ்வளவுதான். மெக்கார்மிக் நிறுவனம் 1934-இல் இந்தக் கலவையைத் தூளாக்கி டப்பாவில் விற்கத் தொடங்கியது. 2003-இல் ஸ்டார்பக்ஸ் இதைக் காப்பிக்குக் கொண்டுவந்து, வான்கூவரிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் முதலில் விற்றுப் பார்த்தது. அந்தக் காப்பியில் நிஜமான பரங்கிக்காய் விழுது சேர்ந்தது 2015-இல்தான். அதுவரை பன்னிரண்டு வருஷம் காய் இல்லாமலே ஓடிய சரக்கு. ஆகவே சிரப் செய்ய உட்காரும்போது கவனம் முழுக்க மசாலா மேல் இருக்கட்டும். காய் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

வீட்டில் செய்கிறவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, மசாலாத் தூளை நேரே பாகில் கொட்டுவது. இன்னொன்று பதம். பாகு என்று சொன்னாலே நம் கை தானாகக் கம்பிப் பதம் தேடும். அதிரசத்துக்கும் மைசூர்பாக்குக்கும் பழகிய கை, பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்து, நூல் வந்த பிறகுதான் அடுப்பை அணைக்கும். காப்பி சிரப்பில் நூல் வந்தால் காரியம் கெட்டது. ஆறியதும் தேனைவிடக் கெட்டியாகி, பாட்டிலின் அடியில் கற்கண்டாக உட்காரும். குளிர்ந்த காப்பியில் கலக்கவே கலக்காது. இங்கே வேண்டியது குலோப் ஜாமூன் ஜீராவின் பதம். விரலில் ஒட்ட வேண்டும், பிசுபிசுக்க வேண்டும், இழுத்தால் நூல் வரக் கூடாது.

அந்தப் பதத்தைக் கண்ணால் பிடிப்பதைவிடத் தராசால் பிடிப்பது சுலபம். எடையில் 60 சதவீதம் சர்க்கரை, 40 சதவீதம் நீர். இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. சர்க்கரையும் நீரும் சரிபாதியாகப் போட்டால் சிரப் தண்ணீராக ஓடி, காப்பியையும் நீர்க்கச் செய்து, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கு ஒன்று என்று போட்டால் 66 சதவீதத்தைத் தாண்டுகிறது. அறை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய சர்க்கரையின் எல்லையே ஏறக்குறைய அதுதான். ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் எல்லை இன்னும் இறங்கிவிடுவதால் மணி மணியாகப் பூக்கத் தொடங்கும். அறுபது என்பது இரண்டுக்கும் நடுவில் நிம்மதியான இடம்.

எனவே செய்முறையும் அதற்கேற்ப மாறுகிறது. முதலில் மசாலாவை வெறும் தண்ணீரில் டிகாக்‌ஷன் மாதிரி இறக்கி, வடிகட்டி, எடை போட்டு, அதற்குக் கணக்காகச் சர்க்கரை சேர்க்கிறோம். பதம் பார்க்கிற வேலையே இல்லை. இன்னொரு லாபம்: வெறும் தண்ணீரில் மசாலா நன்றாக இறங்கும். கெட்டிப் பாகில் போட்டால் அரைமணி நேரம் கொதித்தாலும் பாதி வாசனை பட்டைக்குள்ளேயே நின்றுவிடும். பிழிந்து எறியும்போது சர்க்கரையும் அதோடு போகும்.

தேவையானவை

கீழே உள்ள அளவுக்கு 500 கிராம், அதாவது 400 மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிரப் கிடைக்கும். பெரிய கோப்பைக் காப்பி 13 போடலாம்.

தண்ணீர் 275 மில்லி
வெள்ளைச் சர்க்கரை 150 கிராம்
பிரவுன் சுகர் 150 கிராம்
சுருள் பட்டை 12 கிராம்
கிராம்பு 6
ஆல்ஸ்பைஸ் மணி 6
சுக்கு 4 கிராம், அல்லது தோல் சீவிய இஞ்சி 15 கிராம்
ஜாதிக்காய், துருவியது கால் டீஸ்பூன்
உப்பு இரண்டு சிட்டிகை
வனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்
பரங்கிக்காய் விழுது 60 கிராம் (விருப்பமானால்)

தராசு இல்லாதவர்களுக்கு: வெள்ளைச் சர்க்கரை முக்கால் கப், பிரவுன் சுகர் அழுத்தி நிரப்பியது முக்கால் கப்பில் ஒரு மேசைக்கரண்டி குறைவு. ஆனால் பிரவுன் சுகரை ஒருவர் அழுத்துவதுபோல் இன்னொருவர் அழுத்துவதில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுவதே உத்தமம்.

மசாலா வாங்கும்போது

பட்டைதான் இதில் நாயகன். கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது கேசியா. தடிமனான தோல், ஒரே மடிப்பாகச் சுருண்டிருக்கும், கையால் ஒடிக்க வலு வேண்டும். பிரியாணிக்கு அது பொருத்தம். அமெரிக்கக் கடைகளில் சின்னமன் என்று எழுதி விற்பதும் பெரும்பாலும் இந்த வகைதான், அதிகமும் இந்தோனேசியாவிலிருந்து வருவது. இலங்கைக் கறுவா வேறு சாதி. காகிதம்போல மெல்லிய தோல்கள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு சுருட்டுப்போல இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் சுருள் பட்டை என்று கேட்டால் கிடைக்கும். டொரண்டோ, ஸ்கார்பரோ பக்கத்து இலங்கைத் தமிழர் கடைகளில் கறுவா என்றால் இதையே எடுத்துத் தருவார்கள்.

எது நல்லது? கேசியாவில் காரம் தூக்கல், கடைக் காப்பியின் ருசி வேண்டுமானால் அதுதான். கறுவாவில் காரம் அடங்கி, பூவும் எலுமிச்சைத் தோலும் கலந்ததுபோல் ஒரு வாசனை வரும். ஐஸ்கிரீமுக்கும் புட்டிங்குக்கும் அது ஒரு படி மேல். காப்பியின் கசப்போடு மோத வேண்டும் என்றால் மூன்று பங்கு கறுவா, ஒரு பங்கு கேசியா என்ற கலவை நன்றாக நிற்கிறது. கேசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு நாளொன்றுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. எப்போதாவது ஒரு காப்பி குடிப்பவருக்குக் கவலை இல்லை. பருவம் முழுக்கத் தினமும் இரண்டு வேளை ஊற்றிக் குடிப்பவர் கறுவாவுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

ஆல்ஸ்பைஸ் என்பது பல மசாலா கலந்த பொடி என்று பெயரை வைத்து நினைப்பவர்கள் உண்டு. அது ஜமைக்காப் பக்கத்து ஒரு மரத்தின் காய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த மணம் ஒன்றிலேயே அடிக்கும். கிடைக்காவிட்டால் கிராம்பை எட்டாக்கி, இரண்டு மிளகைத் தட்டிப் போடுங்கள். அதே ருசி வராது, ஆனால் பள்ளம் தெரியாது.

கிராம்பில் தாராளம் காட்ட வேண்டாம். ஆறு என்றால் ஆறு. கிராம்பின் யூஜெனால் எண்ணெய் நாக்கை மரக்கச் செய்வது. பல் வலிக்கு வைப்பதே அதற்காகத்தான். பத்தைத் தாண்டினால் காப்பி குடிக்கிறோமா, சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பார்க்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஜாதிக்காயை முழுதாக வாங்கி, அன்றன்று துருவுங்கள். தூளாக வாங்கினால் டப்பா திறந்து ஒரு மாதத்தில் மரத்தூள் வாசனைதான் மிஞ்சும். இது கொதிக்கவும் கூடாது. நேரம் போகப் போக மணம் பறந்து கசப்பு இறங்கும். கால் டீஸ்பூனுக்கு மேலே போகவும் வேண்டாம்; ஜாதிக்காய் அளவு மீறினால் தலைசுற்றலும் குமட்டலும் தரக்கூடிய பொருள்.

சுக்கா இஞ்சியா என்றால் சுக்குக்கே ஓட்டு. பம்ப்கின் பையின் பழைய ருசி சுக்கு ருசிதான். இஞ்சி போட்டால் மணம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது எலுமிச்சை டீயின் பக்கம் இழுக்கும். இஞ்சி போடுகிறவர்கள் கட்டாயம் கொதிக்க விட வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. அது உயிரோடு பாலில் சேர்ந்தால் பால் திரியும். நல்ல கொதி வந்தால் அது செத்துவிடும்.

பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸ் சேர்ந்தது. இலங்கையில் சிவப்புச் சீனி என்பது இதற்குப் பக்கத்தில் வரும். தமிழ்நாட்டில் நாட்டுச் சர்க்கரை போடலாம், ஆனால் அதில் மண்ணும் சக்கையும் இருக்கும். கரைத்தபின் இன்னொரு தடவை வடிகட்ட வேண்டும். கருப்பட்டி வேண்டாம். அதன் ருசி எவ்வளவு நல்லதோ அவ்வளவு ஆதிக்கம் செய்வது. ஜாதிக்காய் இருந்த இடம் தெரியாமல் போகும். 300 கிராமும் பிரவுன் சுகராகவே போட்டாலும் அதே குறை, கொஞ்சம் குறைந்த அளவில்.

டிகாக்‌ஷன் இறக்குதல்

ஒன்றரை லிட்டர் பிடிக்கும் அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம். பட்டையிலும் கிராம்பிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து சிரப்பைக் கறுக்கச் செய்து உலோக ருசி தரும்.

பட்டையைக் குழவியால் ஒரு தட்டுத் தட்டி, விரல் நீளத் துண்டுகள் நாலைந்தாக உடையவிடுங்கள். தூளாகக் கூடாது. சுக்கையும் ஆல்ஸ்பைஸையும் அப்படியே நசுக்கிக் கொள்ளுங்கள். கிராம்பு முழுசாகவே இருக்கட்டும். வறுக்கத் தேவையில்லை. குழம்புக்கு வறுப்பதுபோல வறுத்தால் வாசனை வீட்டுக்குப் போகும், சிரப்புக்கு வராது. கிராம்பு ஒரு நொடி கருகினாலும் கசப்பு கடைசி வரை தொடரும்.

தண்ணீரில் ஜாதிக்காய் தவிர்த்த எல்லா மசாலாவையும் போட்டு, கொதி வந்ததும் தீயைச் சிறுசாக்கி மூடிவிடுங்கள். பதினைந்து நிமிடம். மூடி கட்டாயம், மேலே எழும் ஆவியில்தான் பட்டையின் எண்ணெய் இருக்கிறது. நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் இன்னும் இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். திறக்கும்போது நீர் செம்பழுப்பாக, கருப்பட்டிக் காப்பிபோல இருக்கும். மேலே நுண்ணிய எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தால் பட்டை நல்ல பட்டை என்று அர்த்தம்.

இப்போது தராசின் மேல் ஒரு கிண்ணம் வைத்து, முள்ளைச் சைபரில் நிறுத்தி, டிகாக்‌ஷனை வடிகட்டுங்கள். 200 கிராம் வேண்டும். பட்டை தண்ணீரைக் குடித்திருக்கும், ஆகவே பொதுவாக 200-க்கு 10 முதல் 30 கிராம் வரை குறையும். வடிகட்டியில் நிற்கிற மசாலா மேலேயே கொதிநீரைச் சிறுகச் சிறுக ஊற்றி 200-ஐத் தொடுங்கள். ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்குகிற அதே கை. கூடுதலாக வந்துவிட்டால் கொதிக்க வைத்துச் சுண்டவைக்காதீர்கள்; ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். 220 கிராம் டிகாக்‌ஷனுக்கு 330 கிராம் சர்க்கரை.

வடிகட்டும் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மல் வேட்டித் துண்டு இதற்கு அருமையான சாதனம். ஆனால் வாஷிங் மெஷினில் ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டுத் துவைத்த துணியாக இருந்தால், சூடான சர்க்கரைப் பாகு அந்த வாசனையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். துணியைத் தனியாகக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு அலசிப் பிழிந்து, முகர்ந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சர்க்கரை சேர்த்தல்

டிகாக்‌ஷனையும் இரண்டு சர்க்கரையையும் உப்பையும் பாத்திரத்தில் சேர்த்து மிதமான தீயில் கிளறுங்கள். அடியில் நறநறப்பு போனதும் கிளறுவதை நிறுத்துங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை மணிகளை ஈரத் துணியால் அல்லது பிரஷ்ஷால் கீழே தள்ளிவிடுங்கள். அதில் ஒன்று மிஞ்சினாலும் பிறகு பாட்டிலுக்குள் அதைச் சுற்றிப் புதுக் கற்கண்டு வளரும். மூடி வைத்து ஒரே ஒரு நிமிடம் நல்ல கொதி. அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான், சுண்ட வைக்கிற வேலை இல்லை.

வெப்பமானி இருந்தால் சரிபார்க்கலாம். 60 சதவீதச் சிரப், தண்ணீரின் கொதிநிலையைவிடச் சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடக் கொதிக்கும். கடலோரத்தில் அது 103. டென்வர் மாதிரி 1,600 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95-க்குப் பக்கத்தில் கொதிப்பதால் அங்கே 98 என்று காட்டும்போதே பதம் வந்தாயிற்று. கொடைக்கானலில் இன்னும் கீழே. புத்தகத்தில் போட்ட எண்ணை நம்பி உயரமான ஊரில் 103 வரை கொதிக்க விட்டால் கம்பிப் பதத்தில் போய் நிற்பீர்கள்.

அணைத்த பிறகு ஜாதிக்காயைத் துருவிப் போட்டு, மூடி, பத்து நிமிடம். மீண்டும் ஒருமுறை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வனிலா. கொதிக்கும்போது ஊற்றினால் எசென்ஸின் ஆல்கஹாலோடு வாசனையும் ஆவியாகிவிடும்.

பரங்கிக்காய் போடுவதா?

காப்பிக்கு என்றால் வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. கோப்பையின் அடியில் வண்டல் தங்கும், ஃபிரிட்ஜில் ஆயுள் கால்வாசியாகும், ருசியில் கிடைப்பது கொஞ்சம் வழுவழுப்பு மட்டும். பான்கேக், ஐஸ்கிரீம், புட்டிங் என்றால் அந்த வழுவழுப்பு நன்றாகவே இருக்கும், போடுங்கள்.

டின்னில் வாங்கினால் நூறு சதவீதம் பம்ப்கின் என்று எழுதியிருக்க வேண்டும். அதே அலமாரியில் அதே நிறத்தில் பம்ப்கின் பை ஃபில்லிங் டின்னும் நிற்கும். அது ஏற்கனவே சர்க்கரையும் மசாலாவும் கலந்தது, அதைப் போட்டால் கணக்கு மொத்தமும் கெடும். அமெரிக்க டின் பரங்கியின் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்து மோர்ட்டன் ஊர்ப் பக்கம் விளைவது. ஹாலோவீனுக்குச் செதுக்கும் ஆரஞ்சுக் காய் அல்ல அது. நம்மூர்ப் பரங்கிக்கு நெருங்கிய சொந்தம், தோல் மங்கலான பழுப்பு நிறம். ஹாலோவீன் காய் நார்ப்பிடிப்பும் தண்ணீருமாக இருக்கும், சமைக்க லாயக்கில்லை. ஆகவே சந்தையில் கிடைக்கும் நன்கு முற்றிய பரங்கிக்கீற்றே போதும். தோலோடு ஓவனில் 200 டிகிரியில் நாற்பது நிமிடம் சுட்டு, சதையை வழித்து மசித்து, துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். குக்கரில் வேகவைத்தால் நீர் ஏறி இனிப்பு சப்பையாகும்.

விழுதைச் சர்க்கரை கரைந்த பின் சேர்த்து, திறந்தபடியே ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிடுங்கள். விழுதில் பெரும்பகுதி நீர்தான், அது போக வேண்டும். பாத்திரத்தின் எடையைக் கழித்து 500 கிராமுக்கு வந்ததும் இறக்கலாம். வடிகட்டும்போது துணியைப் பிழியாமல் தானாக இறங்க விடுங்கள். பிழிந்தால் மாவு மாதிரி கலங்கும்.

தூள் மட்டும்தான் இருக்கிறது என்றால்

டப்பாத் தூள் 2 டீஸ்பூன் எடுத்து, காகிதக் காப்பி ஃபில்டரில் மடித்து நூலால் கட்டி, 230 மில்லி சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். கொதிக்கக் கூடாது. பட்டைத் தூளில் இருக்கும் பிசின் சூட்டில் ஊதி, வெண்டைக்காய்க் கொழகொழப்பாக மாறும். இணையத்தில் எத்தனையோ பேர் சிரப் சளி மாதிரி வருகிறது என்று புலம்புவது இதனால்தான். மூட்டையைப் பிழியாமல் எடுத்துவிட்டு, டிகாக்‌ஷனை எடை போட்டு அதே ஒன்றரை மடங்கு சர்க்கரை. கொழகொழப்பு ஏற்கனவே வந்துவிட்டதென்றால் அதை வடிகட்டப் போராட வேண்டாம், துணி அடைத்துக்கொள்ளும்; சிரப்பை ஓட்ஸ் கஞ்சிக்கோ கேக் மாவுக்கோ திருப்பிவிடுங்கள்.

காப்பியில்

350 மில்லி கோப்பைக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதில் 23 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய ஆறு டீஸ்பூன் என்பதை நினைவில் வையுங்கள். தனியாகச் சர்க்கரை போட வேண்டாம். ஃபில்டர் காப்பிக்கு டிகாக்‌ஷன் 50 மில்லி, பால் 120 மில்லி, சிரப் 20 மில்லி. சிக்கரி முப்பது, நாற்பது சதவீதம் கலந்த தூள் இதற்குச் சேராது. சிக்கரியின் கருகல் இனிப்பும் கிராம்பும் ஒன்றையொன்று அமுக்கும். சுத்தக் காப்பித் தூளோ சிக்கரி குறைந்ததோ போடுங்கள்.

வரிசை முக்கியம். சிரப் முதலில், அதன் மேல் சூடான டிகாக்‌ஷன், கலக்கி, கடைசியில் பால். மொலாசஸில் லேசான புளிப்புத் தன்மை உண்டு, காப்பியிலும் உண்டு. கொதிக்கும் பாலில் சிரப்பை நேரே ஊற்றி அடுப்பில் வைத்தால் சில சமயம் திரியும். நாட்டுச் சர்க்கரைச் சிரப் என்றால் இன்னும் சுலபமாகத் திரியும், வெல்லப் பாயசத்தில் நடப்பதுதான். சோயாப் பால் எல்லாவற்றையும்விடச் சட்டெனத் திரிவது. ஓட்ஸ் பால் தாங்கும்.

ஐஸ் காப்பிக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. குளிர்ந்த காப்பியில் சர்க்கரை அடியிலேயே கிடக்கும், சிரப் நாலு சுற்றில் கரையும்.

இனிப்புகளில்

பிரெட் புட்டிங், கஸ்டர்ட் போன்றவற்றில் 100 கிராம் சர்க்கரைக்குப் பதில் 130 மில்லி சிரப் ஊற்றுங்கள். பாலில் 65 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். சிரப்போடு வரும் நீர் அவ்வளவு. இதைச் செய்யாமல் விட்டால் புட்டிங் உட்காராமல் தளதளவென்று நிற்கும். கேக்கின் மேல் தடவ, சிரப் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. விப்டு கிரீமுக்கு 200 மில்லி கிரீமுக்கு 30 மில்லி, அதுவும் கிரீம் பாதி எழும்பிய பிறகு, ஃபிரிட்ஜில் குளிர்ந்த சிரப்பாக.

ஐஸ்கிரீம் மேல் ஊற்ற இந்தச் சிரப் ஓடும் பதம், நிற்காது. 150 கிராமை எடுத்து 120 கிராமாகச் சுண்டவைத்து, தீயை அணைத்து, வெண்ணெய் 15 கிராமும் கிரீம் 40 மில்லியும் அடித்துக் கலந்தால் கரண்டியின் முதுகில் படியும் சாஸ் வரும். வெண்ணெய் இல்லாமல் வெறுமனே சுண்டவைத்தால் மறுநாள் சர்க்கரை பூத்துவிடும்.

இலையுதிர் கால ருசிக்குப் பரங்கிதான் என்றில்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் பக்கத்தில் ஆப்பிள் சைடரைச் சுண்டவைத்தே ஒரு சிரப் செய்கிறார்கள். அங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, போதை இல்லாதது. அகலமான பாத்திரத்தில் இரண்டு லிட்டரை 300 மில்லியாகும் வரை மூடாமல் கொதிக்க விட வேண்டும், ஒரு சொட்டுச் சர்க்கரை வேண்டாம். கடைசி கால் மணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள், அடிப்பிடிக்கும். ஆப்பிளின் புளிப்பு அத்தனையும் திரண்டு நிற்பதால் பாலில் ஊற்றினால் திரிந்தே தீரும். பிளாக் டீ, சோடா, பான்கேக், வனிலா ஐஸ்கிரீம், இவைதான் அதற்கு இடம்.

கெட்டுப்போகும் வழிகள்

மசாலாத் துண்டுகளை அழகுக்காகப் பாட்டிலுக்குள் போட்டு வைப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். ஒரு வாரத்தில் கிராம்பு மட்டுமே பேசும். எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும்.

அடியில் மணல் மாதிரி படிந்தால் சிரப் 60-ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினால் கரையும். மறுபடி மறுபடி பூத்தால் கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியை உடைத்துவிடும், உடைந்த சர்க்கரை மற்றதை மணியாகச் சேர விடாது. அதற்கு மேல் எலுமிச்சை விட்டால் பாலுக்கு ஆபத்து.

கசப்பு வந்துவிட்டால் முழுதாக மீட்க முடியாது. இன்னொரு சிட்டிகை உப்பு கொஞ்சம் மறைக்கும். வாசனையே இல்லை என்றால் பட்டை பழசு. அதே சிரப்பில் புதுப் பட்டை இரண்டு துண்டு போட்டு, சூடாக்கி, மூடி அரைமணி விட்டு எடுத்துவிடலாம்.

கண்ணாடிப் பாட்டிலைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். ஒரு கரண்டி தண்ணீர் உள்ளே நின்றாலும் சிரப்பின் மேற்பரப்பு நீர்த்து, பூஞ்சைக்கு அங்கேதான் முதல் பிடி கிடைக்கும். சூட்டோடு ஊற்றுவதானால் பாட்டிலும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் விரியும். காய் சேர்க்காத சிரப் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். பரங்கிக்காய் சேர்த்தது ஒரு வாரம்தான். அதைப் பாட்டிலில் அடைத்துக் கொதிக்கவைத்து அலமாரியில் வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பரங்கிக்காயில் புளிப்பு போதாது, விஷக்கிருமி வளர அது இடம் தரும், வீட்டில் இப்படி அடைக்க வேண்டாம் என்று அமெரிக்க வேளாண் துறையே சொல்கிறது. நிறைய செய்துவிட்டால் ஐஸ் டிரேயில் ஊற்றி ஃபிரீசரில் வையுங்கள். இவ்வளவு சர்க்கரை இருப்பதால் கல்லாக உறையாது, கெட்டிக் களியாக நிற்கும்; கரண்டியால் ஒரு கட்டி எடுத்து நேரே காப்பியில் போடலாம்.

மூடி திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வந்தாலோ, கள் வாசனை அடித்தாலோ, மேலே வெள்ளைப் படலம் தெரிந்தாலோ பாட்டிலோடு கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

வடிகட்டிய மசாலாவை அன்றே எறிய வேண்டாம். இரண்டு கப் தண்ணீரில் போட்டு ஒரு கொதி விட்டால் சாயங்கால டீக்கு ஆகும். பாட்டில் காலியானதும் அடியில் ஒட்டியிருப்பதைக் கழுவாமல், வெதுவெதுப்பான பாலை அதிலேயே ஊற்றி மூடிக் குலுக்குங்கள். அது பிள்ளைகள் பங்கு.